காவிரி இல்லாத ஊரில் பதினெட்டாம் பெருக்கு

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, காவிரியைப் பார்த்ததே இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தார். அங்கேயே பால்மரம் வெட்டினார், அங்கேயே கண்ணை மூடினார். ஆனால் ஆடி மாதம் 18ஆம் நாள் வந்துவிட்டால் விடியுமுன் எழுந்து புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு என்று மூன்று வகை கிளறுவார். தென்னங்குருத்தைச் சுருட்டிக் காதோலை செய்வார். கருகமணி, மஞ்சள் கயிறு, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம் எல்லாவற்றையும் தாம்பாளத்தில் அடுக்கிக்கொண்டு, தோட்டத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு எங்களைக் கூட்டிப் போவார். தண்ணீரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, "காவேரித் தாயே, பெருகி வா" என்பார்.

பேராக்கில் எந்த ஆற்றையும் யாரும் பெருகி வா என்று கூப்பிட மாட்டார்கள். இங்கே ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஆறு பெருகினால் வெள்ளம், லயத்துக்குள் தண்ணீர், கோழிக்கூடு மிதக்கும், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுக்க வேண்டும். எங்கள் ஊரின் பெயரிலேயே ஆறு இருக்கிறது. மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஆற்றுக்கும் தண்ணீருக்கும் இங்கே பஞ்சமே வந்ததில்லை. அப்படியிருக்க, அப்பாயி எதற்காக ஓர் ஓடையிடம் போய்ப் பெருகச் சொல்லிக் கேட்டார்?

பதில் தோட்டத்தில் இல்லை. திருச்சிக்கு மேற்கே, முசிறிக்கும் தொட்டியத்துக்கும் இடையில், காவிரியின் வடகரையில் இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா அங்கே ஒரு கரையூரிலிருந்து வந்தவர். அந்த ஊரில் ஆறு எப்படி நடந்துகொண்டது என்று தெரிந்தால்தான் நம் தோட்டங்களில் இன்றும் நடக்கும் பல சடங்குகளின் அர்த்தம் பிடிபடும்.

அந்தப் பகுதியில் காவிரிக்கு அகண்ட காவிரி என்று பெயர். மாயனூர் தாண்டியதும் ஆறு விரிகிறது. முசிறிக்கும் எதிர்க்கரைக் குளித்தலைக்கும் நடுவே ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலம். அதற்குக் கிழக்கே முக்கொம்பில் கொள்ளிடம் தனியே பிரியும். அதற்கும் கிழக்கேதான் தஞ்சாவூர்ப் பக்கத்து டெல்டா. பாலம் வருவதற்கு முன்னால் இந்த இரண்டு கரைக்கும் உறவு பரிசலில்தான். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்கு வாழைத்தார் போவதும், நோயாளியை அக்கரைக்குக் கொண்டுபோவதும் பரிசல்காரரை நம்பித்தான். வடக்கே திரும்பினால் தலைமலையும் கொல்லிமலையும் தெரியும். மலைப் பக்கம் மானாவாரிக் காடு, ஆற்றுப் பக்கம் வாய்க்கால் பாயும் பச்சை. இரண்டுக்கும் நடுவில் ஊர்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஆடி மாதத்தில் அந்த ஊரில் மழை பெய்யாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்வோமே, அது அந்த நாட்டுச் சொல். வறண்ட காற்று புழுதியை வாரி வீசும். அங்கே நல்ல மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆனால் அதே ஆடியில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்ணீர் ஓடி ஓடி இங்கே வந்து சேரும். வானத்தில் மேகம் கிடையாது, மண்ணில் ஈரம் கிடையாது, ஆனால் ஆறு மட்டும் செம்மண் கலங்கலாய் இரு கரையும் தொட்டுக்கொண்டு வரும். கோடை முழுக்க மணலாய்க் கிடந்த இடத்தில், ஊற்று தோண்டிக் குடம் நிரப்பிய இடத்தில், நுரையும் சருகுமாய்ப் புதுவெள்ளம். தன் ஊரில் மழையே இல்லாமல் தண்ணீர் வருவதைப் பார்த்த மனிதர்கள் அதை ஒரு பெண்ணின் வருகையாகப் பார்த்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

அதனால்தான் அந்த மூன்று வகைச் சோறும். பெருகி வரும் காவிரி கர்ப்பிணி என்பது கரையூர்க்காரர்களின் நம்பிக்கை. மசக்கைக்காரிக்கு வாய்க்கு ருசியாகப் புளிப்பும் உறைப்புமாகக் கலந்த சோறு கொடுப்போம் இல்லையா, அதைத்தான் ஆற்றுக்கும் படைக்கிறார்கள். காதோலையும் கருகமணியும் அவளுக்குப் போடும் நகை. புதிதாகக் கல்யாணமானவர்கள் அன்றைக்குத் தாலிக்கயிறு மாற்றுவார்கள். வீட்டில் வளர்த்த முளைப்பாரியைப் பெண்கள் ஆற்றில் விடுவார்கள். சிறுவர்கள் சின்னச் சப்பரம் செய்து கரையெல்லாம் இழுத்து ஓடுவார்கள். முளைப்பாரி ஒரு வகையில் விதைப் பரிசோதனையும்கூட. ஆடிப்பட்டம் தேடி விதைக்கப் போகிறவர், கையிலிருக்கும் தானியம் எப்படி முளைக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்த பிறகு இந்த வருகைக்கு ஒரு தேதி வந்தது. ஜூன் 12 அன்று அணை திறப்பது வழக்கமாயிற்று. இரண்டு மூன்று நாளில் தண்ணீர் முசிறியைத் தொடும். அணைக்கு முன்னால் அப்படி ஒரு தேதி கிடையாது, ஆறு நினைத்தபோது வந்தது. 1924 ஜூலையில் அது வந்த வேகத்தில் கரையூர்களின் நிலமும் வீடும் போயின. அந்த வெள்ளத்தைப் பற்றிக் கொள்ளுத்தாத்தா சொன்னதை அப்பாயி எங்களுக்குச் சொல்லியிருக்கிறார். மாடு கயிற்றோடு போயிற்று, நெல்குதிர் அப்படியே மிதந்து போயிற்று என்பார். ஆக, பெருகி வா என்ற அந்த வேண்டுதலில் ஆசையோடு பயமும் கலந்திருந்தது. வா, ஆனால் தாயாக வா.

ஆறு வந்த பிறகு ஊர் எப்படி உழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டத்துக்குப் போன கைகள் அங்கே பழகியவை. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்துத்தான் பாயும். இன்னாருக்கு இன்ன நேரம் என்று கணக்கு. மடை திறக்கவும் அடைக்கவும் நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள். அந்த முறை தவறினால் வெட்டுக்குத்து நடந்த ஊர்கள் உண்டு. ஆற்றை ஒட்டிய நிலத்தில் நெல்லைவிட வாழையும் வெற்றிலையும் கோரையும் அதிகம். பூவன், கற்பூரவல்லி, ஏலரிசி என்று அந்த வட்டாரத்து வாழைக்குப் பெயர் உண்டு. குலை தள்ளி நிற்கும் நேரத்தில் ஒரு சூறைக்காற்று அடித்தால் ஒரே ராத்திரியில் தோப்பு முழுக்கச் சாய்ந்துவிடும்.

வெற்றிலைத் தோட்டத்துக்குக் கொடிக்கால் என்று பெயர். பாத்திக்கு நடுவே ஆழமான வாய்க்கால் வெட்டித் தண்ணீர் நிறுத்துவார்கள். வரப்பில் அகத்தியை நெருக்கமாக விதைத்து, அது வளர்ந்ததும் வெற்றிலைக் கொடியை அதில் ஏற்றிக் கட்டுவார்கள். அகத்தி நிழலும் கொடுக்கும், கொம்பாகவும் நிற்கும், அதன் தழை ஆட்டுக்கும் ஆகும். உள்ளே போனால் வெயில் தெரியாது. ஈர மண் வாசம், பச்சை வாசம். நுழையும்போது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் வழக்கம் உண்டு, கொடிக்காலைக் கோயில் மாதிரி பாவித்தார்கள். கிள்ளிய இலையை நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவார்கள். அப்பாயி வீட்டுக்குப் பின்னால், துணி துவைத்த தண்ணீர் ஓடும் இடத்தில், ஒரு முருங்கை மரத்தில் வெற்றிலைக் கொடி ஏற்றியிருந்தார். எங்கேயிருந்து கற்றார் என்று நான் யோசித்ததே இல்லை. முசிறிப் பக்கம் போய்க் கொடிக்காலைப் பார்த்த அன்றுதான், அவர் கட்டிய முடிச்சும் அங்கே வாழைநாரில் கட்டியிருந்த முடிச்சும் ஒன்றுதான் என்று கண்டேன். வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

கோரை அந்த மண்ணுக்கே உரியது. ஆற்றோர ஈரத்தில் ஆளுயரம் வளரும் புல். ஒரு தடவை நட்டால் பல ஆண்டு அறுக்கலாம். அறுத்துக் கிழித்து வெயிலில் காயவைத்து, சாயம் தோய்த்துப் பாய் நெய்வார்கள். தறியில் இரண்டு பேர். ஒருவர் கோரையைக் கோத்துக் கொடுக்க, மற்றவர் அச்சுக்கட்டையால் அடித்து நெருக்குவார். முசிறிப் பாய் என்றால் இன்றும் தமிழ்நாட்டில் மதிப்புண்டு, இப்போது பெரும்பாலும் விசைத்தறியில் ஓடுகிறது. கொள்ளுத்தாத்தா கப்பலேறும்போது தலையில் இருந்தது ஒரு கோரைப்பாய்ச் சுருட்டுதான். பேராக்கின் ஈரத்தில் அது ஒரு வருஷத்தில் பூஞ்சை பிடித்துப் போயிற்றாம். பாய் போய்விட்டது, ஆனால் திருமணத்தில் மாப்பிள்ளை பெண் உட்காரப் புதுப்பாய் வாங்கியே தீர வேண்டும் என்ற பிடிவாதம் எங்கள் வீட்டில் போகவில்லை.

அந்தக் கரையில் ஒரு கோயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். முசிறிக்கு மேற்கே சீனிவாசநல்லூரில் குரங்கநாதர் கோயில் என்று ஒன்று நிற்கிறது. 10ஆம் நூற்றாண்டின் முற்காலச் சோழர் கட்டடம். முதலாம் பராந்தகன் காலத்தது என்று கலை வரலாற்றாளர்கள் பலர் கொள்கிறார்கள். அவன் ஆண்டது 907 முதல் 955 வரை. விமானம் சுமார் 50 அடி உயரம்தான், தஞ்சைப் பெரிய கோயிலோடு ஒப்பிட்டால் சின்னது. ஆனால் தெற்குச் சுவரில் இருக்கும் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தால் கல் என்ற நினைப்பே வராது. வழிபாடு நடப்பதில்லை, இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. குடமுழுக்கு நடக்க இருந்தபோது ஒரு குரங்கு குறுக்கிட்டுக் கெடுத்துவிட்டது, அதனால்தான் பூசை இல்லை, பெயரும் அப்படி வந்தது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். கதை எப்படியோ, சோழர் கலை வளர்ந்த வழியை எழுதுகிறவர்கள் இந்தச் சின்ன ஊரைத் தாண்டிப் போக முடியாது. நம் முன்னோர்களைக் கூலிகள் என்ற ஒரே சொல்லில் அடக்கிய காலம் ஒன்று இருந்தது. அவர்கள் ஆடு மேய்த்த வழியில் இப்படி ஒரு கட்டடம் நின்றது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு.

சரி, இவ்வளவு நல்ல ஆறும் வாழையும் கொடிக்காலும் இருந்தும் ஏன் கிளம்பினார்கள்?

எங்கள் குடும்பம் சேரியிலிருந்து போன குடும்பம். இதை மறைத்துவிட்டுக் கரையூரின் பாரம்பரியத்தைப் பேசினால் பாதிக் கதைதான். கொடிக்காலில் தண்ணீர் இறைத்தவர்களும் வாழைக்கு மண் அணைத்தவர்களும் சேரிக்காரர்கள். நிலம் அவர்களுடையதில்லை. பண்ணையாள் முறையில் ஒரு கல்யாணச் செலவுக்கோ சாவுச் செலவுக்கோ வாங்கிய கடனுக்குத் தகப்பனுக்குப் பின் மகன் உழைத்தான். ஆறு பொது என்று வாயளவில் சொன்னாலும் படித்துறை பொது இல்லை. மேட்டுத்துறையில் குளிப்பவர் வேறு, அதற்குக் கீழே, தண்ணீர் எல்லோரையும் கழுவி முடித்து வரும் இடத்தில் இறங்குபவர் வேறு. என் கொள்ளுப்பாட்டி பதினெட்டாம் பெருக்கைக் கும்பிட்டது அந்தக் கீழ்த்துறையில்தான். அவர் விட்ட காதோலையும் அதே காவிரியில்தான் போயிற்று, ஆனால் நின்ற இடம் அது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்குப் பிறகு, ஊரை விட்டுப் போவது ஒரு வழி என்று பலர் நினைக்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில், 1877இல், எங்கள் பக்கத்து ஊரான கோலகங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் ஒரு மரம் அங்கே இன்னும் நிற்கிறது. அந்த இரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று சேர முப்பது ஆண்டுகள் ஆயின. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டபோது ரப்பர் விலை ஏறியது, காட்டை அழித்துத் தோட்டம் போட்டார்கள், ஆள் தேவைப்பட்டது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து ஆட்களின் கப்பல் செலவைக் கொடுத்த நிதி அது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை நின்றது. அதற்குப் பின் எல்லாம் கங்காணி முறை.

கங்காணி யார் என்பதில்தான் நம் தோட்டங்களின் ரகசியம் இருக்கிறது. அவர் வெளியாள் இல்லை. தோட்டத்தில் வேலை பார்த்தவரையே துரை உரிமம் கொடுத்து, செலவுக்குப் பணம் கொடுத்து, சொந்த ஊருக்கே அனுப்பி ஆள் கூட்டிவரச் செய்தார். அவர் யாரைக் கூப்பிடுவார்? மாமனை, மச்சானை, பக்கத்து வீட்டுக்காரரை, கீழ்த்துறையில் கூடக் குளித்தவரை. வந்த ஒவ்வோர் ஆளும் வேலைக்கு இறங்கும் நாளுக்கு அவருக்குத் தலைக்காசு. ஆகவே ஒரே தாலுகாவின் நாலைந்து ஊர்கள் மொத்தமாகப் பெயர்ந்து ஒரே தோட்டத்தில் வந்து இறங்கின. ஊரின் தெய்வமும் ஊரின் பேச்சும் ஊரின் சடங்கும் சிதறாமல் வந்தது இதனால்தான். நாகப்பட்டினத்தில் முகாம், ஏறக்குறைய ஒரு வாரக் கப்பல், பினாங்கில் இறங்கியதும் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தும் முகாம், அப்புறம் ரயில். 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பைத் தடை செய்யும்வரை இப்படித்தான் நடந்தது.

தோட்டத்தில் ஆறு இருந்தது, ஆனால் அதற்கு வேலை இல்லை. பால்மரத்துக்கு வாய்க்கால் பாசனம் கிடையாது, மடை கிடையாது, முறை கிடையாது. நாளைத் தீர்மானித்தது பெரட்டு மணி, ஆள் கணக்கெடுக்கக் கூப்பிடும் மணி. விடியுமுன் பெரட்டு, அப்புறம் நிரைக்குப் போய் மரம் வெட்டி, மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கியதும் வாளியில் சேர்த்துக் காண்டா என்ற தோள்கம்பில் தூக்கி, ஸ்டோரில் நிறுக்க வேண்டும். மழை இங்கே எதிரி. வெட்டிய மரத்தில் மழை விழுந்தால் பால் ஓடிப் போகும், அன்றைய கூலி குறையும். மழையையும் புதுவெள்ளத்தையும் கும்பிட்ட சனம், மழை வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நிலைக்கு வந்தது. இந்தப் புரட்டலை நாம் போதிய அளவு நினைத்துப் பார்ப்பதில்லை.

இருந்தும் ஆறு சடங்கில் தங்கிவிட்டது. தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் கரகம் எங்கே பாலிக்கிறோம்? சுங்கைக் கரையில். கோயிலில் குழாய் இருக்கிறது, கிணறு இருக்கிறது, ஆனாலும் மேளத்தோடு ஓடைக்குப் போய், அங்கே வேப்பிலையும் பூவும் வைத்துக் கரகம் சோடித்து, அங்கிருந்துதான் அம்மனை அழைத்து வருகிறோம். ஆற்றங்கரையில்தான் அம்மன் இறங்குவாள் என்பது கரையூர் வழக்கம். தொட்டியம் மதுரகாளியம்மனுக்குப் பங்குனியில் இரண்டு பெரிய தேர்களைத் தோளில் தூக்கி வருவார்கள், சக்கரம் கிடையாது. பேராக்கின் சில தோட்டங்களில் சப்பரத்தைத் தோளில்தான் தூக்க வேண்டும், லாரியில் வைக்கக் கூடாது என்று பெரியவர்கள் சண்டை பிடித்தது எனக்கு நினைவிருக்கிறது. நான் அதைத் தொட்டியத்தோடு முடிச்சுப் போடுகிறேன். பங்குனி, சித்திரையில் திருவிழா நிலைத்ததற்கு என் கணிப்பில் இன்னொரு காரணமும் உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும், பால் குறையும். அந்த மந்தமான நாட்களில் விடுப்பு கேட்டால் துரைக்கு மறுக்க மனம் வராது. அங்கே அறுவடை முடிந்த ஓய்வு, இங்கே இலையுதிர்வின் ஓய்வு. பழைய நாட்காட்டி புது மரத்தில் இப்படி ஒட்டிக்கொண்டது.

ஆடிப்பெருக்குக்கு அப்படி ஒட்டிக்கொள்ள இடம் இல்லை. அதனால்தான் பல தோட்டங்களில் அது மறைந்தது. அப்பாயி விடவில்லை, ஆனால் அவருக்கும் ஓடைக்குப் போக முடியாத காலம் வந்தது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாடு முழுக்க அவசரகாலம், 1960 வரை. லயங்களைச் சுற்றி முள்வேலி வந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று அரிசிக்குக் கட்டுப்பாடு. வேலிக்கு வெளியே ஒரு கைச் சோறுகூட எடுத்துப் போகக் கூடாது. வேலைக்குப் போகிறவர்களையும் வாசலில் சோதித்தார்கள். கலந்த சோற்றைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போவது எப்படி? அந்த வருஷங்களில் லயத்துப் பொதுக்குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து, அதன் அடியில் சோற்றைப் படைத்தார்களாம். குழாயைத் திறந்துவிட்டு, பெருகி வா என்று சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது அப்பாயி சிரிக்கவில்லை, எங்களையும் சிரிக்க விட்டதில்லை.

லயத்தில் சாதி இல்லாமல் போயிற்று என்று நான் எழுத மாட்டேன். தொடக்கத்தில் லயங்களே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டன, கங்காணி தன் ஆட்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார், கோயிலில் முதல் மரியாதைக்குச் சண்டை நடந்தது. பெரியார் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்து பேசிய பேச்சுகளும், அதன் பின்னால் வளர்ந்த சீர்திருத்தச் சங்கங்களும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அதை அசைத்தன. ஆனாலும் ஒரு பெரிய மாற்றம் யாரும் திட்டமிடாமல் நடந்தது. எங்கள் ஓடைக்குப் படித்துறை கிடையாது. மேட்டுத்துறை, கீழ்த்துறை என்று பிரிக்க அங்கே கட்டிய படியே இல்லை, வெறும் மண் சரிவு. எல்லோரும் ஒரே இடத்தில்தான் இறங்கினார்கள். அது காவிரி இல்லையே அப்பாயி என்று சின்ன வயதில் நான் கேட்டபோது அவர் சொன்னார்: "காவேரி இல்லதான். ஆனா இங்க எங்க எறங்கினாலும் யாரும் கேக்க மாட்டாங்க." அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

பிறகு தோட்டமே போயிற்று. 1950களில் வெள்ளைக்கார நிறுவனங்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொழிலாளர்களிடமே சிறு சிறு தொகையாகச் சேர்த்து தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதைத் தடுக்கத்தான். சில தோட்டங்கள் பிழைத்தன. மற்றவற்றில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயம் இடிந்து தாமான் என்ற வீடமைப்புப் பகுதி வந்தது, நாங்கள் பட்டணத்துக்கு வந்தோம். சுதந்திரம் வந்த 1957இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன, இப்போது அது ஐந்நூற்றுச் சொச்சம். தோட்டம் மூடினால் பள்ளியும் கோயிலும் அனாதையாகிவிடும். சில கோயில்களைப் பிடிமண் எடுத்து இடம் மாற்றினோம், காவிரிக் கரையிலிருந்து வந்தபோது செய்த மாதிரியே.

பேச்சிலும் ஆறு வற்றிக்கொண்டிருக்கிறது. அப்பாயி வீட்டுக்கு முன்னால் ஓடியதை வாய்க்கால் என்பார். என் அப்பா கால்வாய் என்றார். நான் மலாய்ச் சொல்லில் லோங்காங் என்கிறேன். படுகை, மடை, மதகு, துறை என்ற சொற்களை எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில்தான் பார்க்கிறார்கள். வீட்டில் 80 வயதுக்கு மேற்பட்டவர்கள் இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்: எந்தத் தாலுகா, எந்த ஊர், ஊருக்கு எந்தப் பக்கம் ஆறு, எந்தத் துறையில் குளித்தார்கள், குலதெய்வம் எங்கே இருக்கிறது. பழைய பள்ளிப் பதிவேடு, கோயில் நன்கொடைக் கல்வெட்டு, கப்பல் காகிதம், ஊரிலிருந்து வந்த கடித உறை, எதிலாவது ஊர்ப்பெயர் இருக்கும். அதைப் படம் பிடித்து வையுங்கள்.

அங்கேயும் காவிரி அப்படியே இல்லை. பல ஆண்டுகள் அள்ளிய மணலால் ஆற்றின் அடி இறங்கி, சில வாய்க்கால்களின் தலைமடைக்கு நீர் ஏறுவது சிரமமாகிவிட்டது என்று விவசாயிகள் சொல்கிறார்கள். 1836இல் கட்டிய முக்கொம்பு மேலணையில், கொள்ளிடப் பக்கத்து ஒன்பது மதகுகள் 2018 ஆகஸ்ட் 22 இரவு வெள்ளத்தில் உடைந்து போயின. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது. ஒரு வருஷம் வெள்ளம், ஒரு வருஷம் வெறும் மணல். தண்ணீர் வராத ஆடியில் படித்துறையில் குழாய் போட்டுக் குளித்துப் பெருக்குக் கொண்டாடுகிறார்கள். அதைக் கேட்டபோது எனக்கு எங்கள் லயத்துக் குழாய்தான் கண்முன் வந்தது.

நான் போன ஆடியில் தண்ணீர் இருந்தது. கரையில் டீக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "மலேயாக்காரவுங்களா?" என்றார். அங்கே இன்னும் மலேயாதான். அவருடைய பெரியப்பாவும் போனவராம். 1941 வரை மணியார்டர் வந்ததாம், ஜப்பான்காரன் வந்த பிறகு கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை. 415 கிலோமீட்டர் ரயில் பாதை, அதில் தோட்டத்துத் தமிழர்கள் கூட்டம் கூட்டமாக மாண்டது எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க பெரியம்மா சாகற வரைக்கும் பொட்டு வச்சிருந்துச்சு" என்றார்.

படித்துறையில் கூட்டம். பெண்கள் முளைப்பாரியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஐயா, இதுக்குக் கீழே ஒரு துறை இருந்ததாமே என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. கையை நீட்டிக் காட்டினார். இப்போது யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, இங்கேயே இறங்குங்கள் என்றார். பரவாயில்லை ஐயா என்று சொல்லிவிட்டு அங்கே நடந்தேன். நாணலும் கருவேலமும் மண்டிக் கிடந்தது, படி எதுவும் இல்லை, எங்கள் ஓடையைப் போலவே ஒரு மண் சரிவுதான். அப்பாயியின் பெயரைச் சொல்லி, நானே சுருட்டிய காதோலையைத் தண்ணீரில் விட்டேன். செம்மண் கலங்கலில் அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கிழக்கே போயிற்று.